உயரமான இயந்திரமும் தாழ்வான காரும்



நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டறைக்கு வேலை பழகப் போகும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் பழைய கார் இயந்திரம் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே தாழ்வான பந்தயக் கார் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடிச்சட்டம் பற்றவைத்தாயிற்று, தகடும் வளைத்தாயிற்று. இயந்திரத்தை உள்ளே இறக்கினால் பானெட் மூடவில்லை. நான்கு விரல் உயரம் கூடுதல்! என்ன செய்வது?

இயந்திரத்தை இன்னும் கீழே இறக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி தரையை நெருங்கிவிடும். தோட்டத்துச் சாலையில் ஒரு கல் போதும், தொட்டி பிளந்துவிடும். சரி, தொட்டியின் அடியை வெட்டிக் குட்டையாக்கலாமே என்பான் பையன். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குழம்புச் சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். குழம்பு ஒரு பக்கம் ஒதுங்கும். நடுவில் உள்ள அகப்பை வெறுமையாக நிற்கும். கார் வேகமாக வளைவில் திரும்பும்போது எண்ணெயும் அப்படித்தான் ஒதுங்குகிறது. பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். பேரிங்குகள் காய்ந்து கருகிவிடும். பல மாதச் சேமிப்பு ஒரே வளைவில் போய்விடும்.

ஆகையால் தொட்டியின் உயரத்தைக் குறைத்தால் அகலத்தைக் கூட்டவேண்டும். எண்ணெயின் அளவு குறையக்கூடாது. உள்ளே தடுப்புத் தகடுகள் பொருத்தி, உறிஞ்சு குழாயையும் அதற்கேற்பக் குறுக்கவேண்டும்.

இரண்டாவது வழி, இயந்திரத்தைச் சாய்த்து வைப்பது. 1952-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் பெரிய சொகுசுக் காரின் ஆறு சிலிண்டர் இயந்திரத்தை 300 எஸ்.எல். என்ற தாழ்வான பந்தயக் காரில் ஏறக்குறைய 50 பாகை சாய்த்துப் பொருத்தியது. அவ்வாண்டே அந்தக் கார் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஆனால் சாய்த்தால் மட்டும் போதாது. கார்புரேட்டர் நிமிர்ந்தே இருக்கவேண்டும். எண்ணெய் தடையின்றித் தொட்டிக்குத் திரும்பவேண்டும்.

மூன்றாவது வழி, இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் இவ்வாறுதான் செய்தார். சாதாரணக் குடும்பங்கள் ஓட்டிய மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டே, ஒருவர் மட்டும் அமரும் தாழ்வான பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தக் கார்களில் பந்தயம் பழகியவர்களுள் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். அவரே 2005-இல் நம் சிப்பாங் ஓடுதளத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடி, பதினோராவதாக வந்தார்.

பெற்றோர்களே, பையன் இயந்திரத்தின் தலையில் களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்தால், விளையாடுகிறான் என்று கோபிக்காதீர்கள். நசுங்கிய களிமண்ணின் கனத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கிறான். ஓடும்போது இயந்திரம் ஆடும். அதற்கும் இடம் விடச் சொல்லுங்கள். கட்டி முடித்த காரைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியின்றித் தெருவில் இறக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வெட்டிய இரும்பை மீண்டும் ஒட்டுவது கடினம். அளந்தபின் வெட்டுபவனே நல்ல தொழிலாளி.