நடப்பீங்களா, நிப்பீங்களா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு கடைக்குப் போகலாம். சாதாரண கடை இல்ல. அமெரிக்காவுல வேட்டை, மீன்பிடி, முகாம் சாமான்களை விக்கிற ராட்சசக் கடைகள். கபேலாஸ், பாஸ் ப்ரோ ஷாப்ஸ் மாதிரி. ஆன்லைன்ல எல்லாமே கிடைக்கிற காலத்துல, மக்கள் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு இந்தக் கடைகளுக்கு ஏன் போறாங்க? அங்க அவங்க எதிர்பார்க்கிறது என்ன? இதுதான் இன்னைக்குப் பேச்சு.

நம்ம ஊர்ல இருந்து கேக்கிறவங்களுக்கு ஒரு சின்ன முன்குறிப்பு. இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை பெரும்பாலும் குற்றம்தான். அமெரிக்காவுல உரிமம் வாங்கி, அதுக்குன்னு இருக்கிற பருவத்துல, அளவோட வேட்டையாடலாம். 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மேல 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களோட வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகுது. வேட்டை சரியா தப்பாங்கிற விவாதத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம். நானே வேட்டையாடறவன் இல்ல.

அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை? பூட்ஸ்.

மினசோட்டாவுல என் முதல் குளிர்காலம். ஆன்லைன்ல நல்ல ரேட்டிங், ஆயிரக்கணக்கான ரிவ்யூ பாத்து ஒரு பூட்ஸ் வாங்கினேன். பத்தாததுக்கு உள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ். மைனஸ் 20 டிகிரியில பஸ் ஸ்டாப்ல நின்னேன். பத்தே நிமிஷத்துல கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. பஸ்ல ஏறி ஷூவைக் கழட்டிப் பாத்தா விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நிஜமாவே பயந்துட்டேன். அந்த வருஷத்தை எப்படியோ ஓட்டியாச்சு. அடுத்த அக்டோபர் கடைசியில, கூட வேலை பாக்கிற ஒருத்தர் மான் வேட்டைக்குச் சாமான் வாங்கப் போனார். "நீயும் வா"ன்னு கூட்டிட்டுப் போனார்.

உள்ள நுழைஞ்சா கடை மாதிரியே இல்ல. நடுவுல செயற்கை மலை, அது மேல பாடம் பண்ணின மான், கரடி, மலையாடு. ஒரு பக்கம் பெரிய மீன் தொட்டி, அதைச் சுத்திக் குழந்தைங்க. திருவிழாக் கூட்டம். நான் நேரா காலணிப் பிரிவுக்குப் போய், இருக்கிறதுலயே தடிமனானதைத் தூக்கினேன். 1200 கிராம்னு போட்டிருந்தது. அது ஷூவோட எடை இல்ல. உள்ள இருக்கிற குளிர்காப்புப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு அர்த்தம். இது எனக்கு அப்போ தெரியாது.

அறுபது வயசு இருக்கும், கடை ஊழியர் ஒருத்தர் வந்தார். என் கையில இருந்த ஷூவைப் பாத்தார். விலை, பட்ஜெட்னு எதுவுமே கேக்கல. "இதைப் போட்டுட்டு நடப்பீங்களா, நிப்பீங்களா?"ன்னு ஒரே கேள்வி.

பத்து நிமிஷம் நடை, அஞ்சு நிமிஷம் நிக்கிறதுன்னு சொன்னேன். அந்த 1200 கிராம் ஷூ, மரத்து மேல பரண் கட்டி நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கிறவங்களுக்குன்னார். நடக்கிறவன் போட்டா கால் வேர்க்கும். வேர்வை சாக்ஸை நனைக்கும். நின்ன உடனே அந்த ஈரமே குளிரும். உங்களுக்கு 400 கிராம் போதும்னார். அப்புறம் என் சாக்ஸைப் பாத்துட்டு சிரிச்சார். ரெண்டு ஜோடி போட்டா ஷூ இறுகும், ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். பருத்தி வேண்டாம், கம்பளியில ஒரே ஜோடி, ஷூ அரை சைஸ் பெருசா. கடைசியில நான் வாங்கினது, முதல்ல தூக்கினதை விட விலை குறைவு. நாலு குளிர்காலமா அதைத்தான் போடறேன்.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லணும். என் வேலையே ஆன்லைன் விற்பனைத் தளத்துக்குத் தேடல் வசதி எழுதறது. எங்க ஃபில்டர்ல சைஸ் இருக்கு, நிறம் இருக்கு, விலை இருக்கு, ரேட்டிங் இருக்கு. "நடப்பீங்களா, நிப்பீங்களா" இல்ல. அந்த ஒரு கேள்விக்காகத்தான் மக்கள் கடைக்கு வர்றாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அதுக்கப்புறம் அந்த நண்பர்கிட்டயும், அவரோட வேட்டைக்குப் போற ஆட்கள்கிட்டயும் நிறையக் கேட்டேன். அவங்க சொன்னதை மூணாப் பிரிக்கலாம்.

முதல் விஷயம், உடம்புக்குப் பொருத்திப் பாக்கிறது. காம்பவுண்ட் வில்லை எடுத்துக்கோங்க. நாணை எவ்வளவு தூரம் இழுக்கணும்ங்கிறது உங்க கை நீளத்தைப் பொறுத்தது. ரெண்டு கையையும் விரிச்சு, விரல் நுனியில இருந்து நுனி வரைக்கும் அங்குலத்துல அளந்து, 2.5-ஆல வகுத்தா தோராயமா ஒரு கணக்கு வரும். அதுக்கப்புறம் வில்லை அழுத்திப் பிடிக்கிற இயந்திரத்துல வச்சு ஒருத்தர் சரி பண்ணித் தரணும். அளவு தப்பா இருந்தா குறி தப்பும், மான் அடிபட்டு ஓடிப்போய் காட்டுக்குள்ள துடிச்சுச் சாகும். நல்ல வேட்டைக்காரங்க ரொம்பப் பயப்படறது இதுக்குத்தான்.

ரெண்டாவது, பருவம் தொடங்கும்போது சாமான் இருக்கணும். மினசோட்டாவுல துப்பாக்கி மான் வேட்டை நவம்பர் தொடக்கத்துல ஒரு சனிக்கிழமை ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒருத்தருக்குத் தன் துப்பாக்கிக்கான தோட்டாவோ, சட்டப்படி போட வேண்டிய பளிச் நிற மேல்சட்டையோ இல்லைன்னா, "ரெண்டு நாள்ல டெலிவரி"யை வச்சு என்ன பண்றது? இவங்களோட பெரிய குறையே, கடையில பரிசுப் பொருளும் டி-ஷர்ட்டும் குவிஞ்சிருக்கு, வேணும்கிற சின்ன உதிரிப் பாகம் இல்லைங்கிறதுதான்.

மூணாவது, திருப்பிக் கொடுக்கிற வசதி. இதுல ஒரு கதை இருக்கு. 1912-ல எல்.எல்.பீன் முதல் 100 ஜோடி வேட்டைக் காலணியை வித்தார். 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தது. அத்தனை பேருக்கும் பணத்தைக் கொடுத்துட்டு, ஷூவைச் சரி பண்ணி மறுபடி வித்தார். அந்தக் கம்பெனியோட பேரே அதுல இருந்துதான் வளர்ந்தது. ஆனா எப்போ வேணா திருப்பலாம்ங்கிற வசதியை, பழைய சாமான் விக்கிற இடத்துல வாங்கினதைக்கூடக் கொண்டு வந்து காசு கேட்டுச் சிலர் கெடுத்தாங்க. 2018-ல ஒரு வருஷ வரம்பு வந்தது. ஆர்.இ.ஐ. 2013-லயே அந்த வரம்பைக் கொண்டு வந்துடுச்சு. நம்பிக்கைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு பாருங்க.

அப்போ மலை, கரடி, மீன் தொட்டியெல்லாம் வேண்டாமா? வேணும். டென்னசி மெம்பிஸ்ல விளையாட்டு அரங்கா இருந்த ஒரு பிரமிடையே 2015-ல பாஸ் ப்ரோ கடையா மாத்தினாங்க. உள்ளேயே சதுப்பு நிலம், ஹோட்டல் எல்லாம் இருக்கு. குடும்பத்தோட போறதுக்கு அருமை. ஆனா ஆட்கள் திரும்பத் திரும்ப வர்றது கவுன்டருக்குப் பின்னாடி நிக்கிற, விஷயம் தெரிஞ்ச ஆளுக்காக.

இந்தக் கடைகள் தொடங்கினதே அப்படிப்பட்ட ஆட்களாலதான். 1972-ல மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல ஜானி மாரிஸ்ங்கிற மீன்பிடிப் பைத்தியம், அப்பாவோட மதுக்கடை ஓரமா கொஞ்சம் இடம் பிடிச்சுத் தூண்டில் சாமான் வித்தார். அதுதான் பாஸ் ப்ரோ. 1961-ல நெப்ராஸ்காவுல டிக் கபேலா, மீன் பிடிக்கிற செயற்கை ஈக்களை ஒரு டாலருக்கு 12-ன்னு பத்திரிகையில விளம்பரம் கொடுத்தார். வந்தது ஒரே ஒரு ஆர்டர். உடனே மாத்தினார்: 5 ஈ இலவசம், தபால் செலவுக்கு 25 சென்ட். ஆர்டர் குவிஞ்சது. ஒவ்வொரு பார்சல்லயும் மத்த சாமான்களோட பட்டியலையும் சேர்த்து அனுப்பினார்.

அப்படி வளர்ந்த கபேலாஸோட தலைமையகம் சிட்னிங்கிற சின்ன ஊர்ல இருந்தது. மக்கள்தொகை 6,000-க்குக் கொஞ்சம் மேல, அதுல கம்பெனி வேலை மட்டும் அப்போ 2,000 வரைக்கும் இருந்தது. 2015-ல ஒரு முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கி நெருக்கினது. 2017-ல பாஸ் ப்ரோ சுமார் 500 கோடி டாலருக்குக் கபேலாஸை வாங்கினது. சிட்னியில பெரும்பாலான வேலை போச்சு. நம்மள மாதிரி ஐ.டி. ஆட்களும் அதுல உண்டு.

போன அக்டோபர்ல அப்பாவுக்கு ஷூ வாங்க நான் முதல்ல போன அந்தக் கடைக்கே போனேன். அந்தப் பெரியவர் இல்ல. விசாரிச்சா, யாருக்கும் தெரியல. அவர் நின்ன இடத்துல ஒரு டேப்லெட். சைஸ், நிறம், விலை, ரேட்டிங்னு கேட்டது. எனக்குச் சுருக்குன்னு இருந்தது, ஏன்னா நான் எழுதறதும் அதே மாதிரி ஒரு சாமான்தான்.

ஆபீஸ்ல ஒரு யோசனை வச்சேன். குளிர்காலக் காலணிக்கு மட்டும், தேடலுக்கு முன்னாடி ஒரு கேள்வி: நடப்பீங்களா, நிப்பீங்களா? "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கிளிக் கூடினா விற்பனை குறையும்"னு முதல்ல தள்ளி வச்சாங்க. மறுபடி கேட்டிருக்கேன். ஒரு சின்னச் சோதனைக்கு ஒத்துக்கிட்டிருக்காங்க. ரிசல்ட் எப்படி வந்தாலும் இங்க வந்து சொல்றேன்.

அப்பாவுக்கு ஷூ நான்தான் பாத்து எடுத்தேன். போன்ல அவர்கிட்ட அதே கேள்வியைக் கேட்டேன். "நான் எங்கடா நிக்கப் போறேன், வீட்டுக்குள்ளயேதான் இருப்பேன்"னார். ஷூவை வச்சுட்டு ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்.

உங்க ஊர்லயும் இப்படிச் சரியான கேள்வி கேட்டு, விலை குறைஞ்சதைக் கையில கொடுத்த கடைக்காரர் யாராவது இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.