தெரியாது என்று சொல்லும் துணிவு



'என்னால் எல்லாம் முடியும்' என்று நாள்தோறும் சொல்லிப் பழகினால் தன்னம்பிக்கை வளரும் என்று இன்று பலர் கற்பிக்கின்றனர். அச்சொல் மேடையில் இனிக்கும். முதல் தோல்வியிலேயே உதிர்ந்துவிடும். உதிராத நம்பிக்கை எங்ஙனம் பிறக்கிறது என்பதற்கு, நம் இல்லங்களோடு தொடர்புடைய வரலாறு ஒன்றே சான்றாக உள்ளது.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தது 1880ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டுகள் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைப் பாடம் கேட்டதே இல்லை.

'பழைய நூலை இன்று யார் படிக்கிறார்கள்?' என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு அவர் திரும்பியிருக்கலாம். கற்றவர்கள் பெரும்பாலும் செய்வது அதுதான். ஐயரோ, நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் துணிவு உண்டு என்றார். அறியாமையை ஒப்புக்கொண்ட அந்த வாய்மொழியிலேயே நம்பிக்கையும் இருந்தது.

முதலியார் கொடுத்த கையெழுத்துப் படியைப் பிரித்தபோது, நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. நூலெங்கும் சமண சமயக் கருத்துகள். சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு அவை புதியவை. அவ்வூரிலிருந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் இல்லத்திற்கு அவர் சென்ற நாளில் வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்த நாள் என்றார்கள்! ஏட்டில் மறைந்து கிடப்பதாக அவர் எண்ணிய நூல், அங்கே சமய நூலாகப் போற்றிப் படிக்கப்பட்டு வந்தது. கல்லூரி ஆசிரியர் அவ்வில்லறத்தாரிடம் மாணவராக அமர்ந்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எத்துணை அரிது என்பது தெரியும்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. ஐயமே கேளாமல் வாய்மூடி இருப்பதை அச்சொல் குறிப்பதாகச் சிலர் கொள்கின்றனர். கேட்டுத் தெளிந்தபின் மனம் அசையாமல் நிற்பதே அது. வகுப்பில் கையுயர்த்தி 'விளங்கவில்லை' என்று சொல்லும் பிள்ளையை வீட்டில் ஏளனம் செய்தால், அப்பிள்ளை தெரிந்ததாக நடிக்கக் கற்றுக்கொள்ளும். நடிப்பு தேர்வறை வாயில் வரைக்கும்தான் துணைவரும். அதன்பின் வரும் நடுக்கத்திற்குப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை.

சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டதும், விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுத்தாள் திருத்தியதும் கல்லூரிப் பணிக்கு நடுவே நடந்தவை. 1892இல் சிலப்பதிகாரம் வந்தது. பின்னர் மணிமேகலையைக் கையில் எடுத்தபோது, புகழ்பெற்ற பதிப்பாசிரியராகிவிட்ட ஐயர் பௌத்தக் கொள்கைகள் தமக்கு விளங்கவில்லை என்று மளூர் ரங்காசாரியாரிடம் சென்று, மீண்டும் பாடம் கேட்க அமர்ந்தார்.