பிடி அரிசி



1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய கதையை முன்னே பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பிடி அரிசியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிறோம். வாரக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பணத்தோடு அதையும் கொண்டுவருகிறோம். ரேஷன் அரிசியும் வரும், பொன்னியும் வரும். எல்லாம் ஒரே சாக்குதான். புருஷன் படுத்த படுக்கையான வீடு, நூறு நாள் வேலைக் கூலி தள்ளிப்போன வீடு, பார்க்க ஆளில்லாத ஆயா என்று போகும். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம்.

போன ஆடியில் இதில் பெரிய சண்டை. தவணை கட்டாதவர் வீட்டுக்கு அரிசி கொடுக்கலாமா? "கொடுத்தா அப்புறம் யாருமே கட்ட மாட்டாங்க"ன்னு சிலர் சொன்னார்கள். அந்தப் பயமும் நியாயம்தான். ஒருத்தர் நிறுத்தினால் பாங்கில் எல்லோருக்கும் அடுத்த கடன் இழுக்கும். "தவணையைக் கூட்டத்துல கேப்போம், அவங்க அடுப்புல கேக்கக் கூடாது"ன்னு நான் சொன்னேன். இரண்டு கூட்டம் பேசித்தான் தீர்மானம் ஆனது. நோட்டில் எத்தனை கிலோ என்று எழுதுகிறோம். வாங்கியவர் பெயர் எழுதுவதில்லை. விளக்கு வைத்த பிறகு ஒருத்தர் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பார். போட்டோ கிடையாது.

ஐப்பசி மழைக்கு வேலை நின்றுபோகும். சாக்கு இப்பவே பாதிக்குக் கீழே. அடுத்த கூட்டத்துக்குப் பானையை மறக்காதீங்க. வண்டு வைக்காம வேப்பிலை போட்டு வையுங்க.