மனத்தில் நிற்பவர் வில்லனே!

நடுவர் அவர்களே! தப்பான கட்சியை ரொம்ப அழகாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தீபத்தன்று ஊரே அண்ணாந்து பார்க்கும் மலையின் அடிவாரத்தில் கூடியிருக்கும் திருவண்ணாமலைப் பெருமக்களே!

கார்ட்டூன் படத்திலே மனத்தில் நிற்பவர் நாயகரே என்று அடித்துச் சொன்னார் அம்மா அவர்கள். ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். 1937-இல் வால்ட் டிஸ்னி எடுத்த 'ஸ்னோ ஒயிட்' படத்திலே வர்ற இளவரசன் பேர் என்னங்க? சொல்ல முடியாது. படத்திலே அவனுக்குப் பேரே சொல்லலை! (கைத்தட்டல்) ராணிக்கும்தான் சொல்லலை. ஆனா கண்ணை மூடினா அவ முகம் வருதே!

அந்தப் படத்தை என் மகளோடு பார்த்தேன். அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, ராணியும் அழகாத்தானே இருக்காங்க, அப்புறம் எதுக்குக் கோபம்?"

அங்கேதாங்க இருக்கு விஷயம். ராணி அழகிதான், ஆனால் இரண்டாவது அழகி. கண்ணாடி உண்மையைச் சொன்னது. அவளால் தாங்க முடியவில்லை. மருந்தைக் குடித்துக் கூன் விழுந்த கிழவியாக மாறுகிறாள். எந்த அழகுக்காகப் பொறாமைப்பட்டாளோ, அந்த அழகையே தன் கையால் அழிக்கிறாள்!

இது உங்க ஊருக்குப் புதுசா? அடி தேடிய பன்றி, முடி தேடிய அன்னம், பேசுகிற பூ! கார்ட்டூனுக்கு வேறென்ன வேணும்? பிரமன் "முடியைக் காணலை"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சது. தாழம்பூவைப் பொய்சாட்சிக்கு அழைத்தார். வாசனைக்கு என்ன குறை அந்தப் பூவுக்கு? ஒரே ஒரு பொய், சிவபூஜைக்கு ஆகாமப் போச்சு.

இந்த மாவட்டத்துக் கிராமங்களிலே பாரதக் கூத்து நடக்கிறதே, படுகளத்தில் மண்ணால் பிரம்மாண்டமாகக் கிடப்பது யார்? துரியோதனன்! தருமருக்கு யாராவது அத்தனை வண்டி மண் கொட்டினாங்களா? (பலத்த கைத்தட்டல்)

ஏன் மறக்க மாட்டேங்கிறோம்? சொல்றேன். பள்ளியிலே பேச்சுப் போட்டி. எப்பவும் அவன் முதல், நான் இரண்டாவது. ஒரு வருஷம் அவனுடைய குறிப்புத் தாளை எடுத்து ஒளித்து வைத்தேன். மேடையிலே அவன் வார்த்தை வராமல் நின்றான். கோப்பை எனக்கு வந்தது. இன்றைக்கும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் மகள் அதைக் காட்டி, "அப்பா ஜெயிச்சது" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

நாயகனைப் பார்த்து, 'இப்படி இருக்கணும்' என்று நினைக்கிறோம். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறோம். வில்லனைப் பார்த்தால், 'அட, இது நாமதானே!' என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. அது மறக்காதுங்க.

நடுவர் அவர்களே! இன்றைக்கு நீங்கள்தான் எங்களுக்குக் கண்ணாடி. உண்மையைச் சொல்லுங்கள். நான் இரண்டாவது என்றாலும் தாங்கிக்கொள்வேன். யார் குறிப்பையும் ஒளித்து வைக்க மாட்டேன்!

(கைத்தட்டல்)