ஒரு தொலைபேசி, மூன்று வகுப்புகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் கட்டடங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தைப் பற்றி நாம் பேச விரும்புகிறோம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட்-19 காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. ஆகஸ்டில் நடக்கவேண்டிய உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்குப் போயிற்று. டிசம்பரில் நடக்கவேண்டிய சாதாரணதரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஸூம், கூகுள் வகுப்பறை, வட்ஸ்அப் குழுக்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ ஆகியவையே வகுப்பறைகளாயின.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பிள்ளைகளும் அதே ஸூமில் படித்தார்கள். ஆனால் இங்கு பல வீடுகளில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசியும் ரீலோட் செய்த கொஞ்ச டேட்டாவும்தான். அப்பா வேலைக்குப் போனால் தொலைபேசியும் அவரோடு போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பென்றால், பரீட்சை எழுதும் பிள்ளைக்கே முதலிடம். சின்னவள் விட்டுக்கொடுத்தாள். மலைப்பகுதிகளில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை 2021இல் உலகச் செய்திகள் காட்டின.

இலவச ஸூம் வகுப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும். தவறவிட்டவளுக்கு அது திரும்பி வராது. ஆனால் ஆசிரியர் குரலில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய விளக்கம், படம்பிடித்து அனுப்பிய குறிப்பு, அச்சிட்டுக் கொடுத்த செயலட்டை ஆகியவை அப்பா இரவு வீடு திரும்பும்வரை காத்திருந்தன. அப்படிக் காத்திருக்கும் பாடமே எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

தொற்று ஓய்ந்தும் தேவை ஓயவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டன.

ஆகவே எமது வேண்டுகோள் இதுதான். நுழைவாயில் வளைவு கட்டுவதற்கு முன்னர், நூற்றாண்டு நிதியின் ஒரு பங்கை நூலகத்தில் இரவல் கொடுக்கும் டெப்களுக்கும், டேட்டாவுக்கும், பாடங்களைப் பதிந்து வைப்பதற்கும் ஒதுக்குவோம். புத்தகம்போல எந்தப் பிள்ளையும் பெயரெழுதி எடுத்துச் செல்லட்டும். வசதியில்லாதவள் யாரென்று எவரும் அறியவேண்டியதில்லை. பழுதுபார்க்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஒருமுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் அன்பளிப்பாக இது ஆகிவிடக்கூடாது.

அடுத்தமுறை படலை பூட்டப்படும்போது, வீட்டுச் சின்னவளும் வகுப்பில் இருக்கட்டும்.