கூலிக் கணக்கும் ஒரு மென்பொருளும்



கடை திறக்கும்போது வாழைமரம் கட்டுகிறோம். மூடும்போது பூட்டை மாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போக இருந்தேன். நான் மூட எண்ணியது கடையன்று. ஓய்வு நேரத்தில் நானே எழுதிய ஒரு சிறு மென்பொருள்.

திருப்பூர்ப் பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதென்று வெளியூரார் எண்ணுவர். துணி பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது மற்றோரிடம். தைப்பதற்கோ சந்துதோறும் பவர் டேபிள் பட்டறைகள் உண்டு. அங்கே சனிக்கிழமை கூலி நாள். ஓவர்லாக், பேட்லாக் தையற்காரருக்குப் பீஸ் ரேட். கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் கூலி. காலை எட்டரைக்கு வந்தவர் இரவு எட்டரை வரை நின்றால் அது ஒன்றரை ஷிப்ட்.

இக்கணக்கைப் போட 2003இல் விஷுவல் பேசிக் 6 என்னும் மொழியில் அம்மென்பொருளை எழுதினேன். பதினொரு பட்டறைகள் அதை வைத்துக்கொண்டன. விலை வாங்கியதில்லை, தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும். (அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்?)

அம்மொழிக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2008 ஏப்ரலில் நிறுத்தியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் திருத்தங்கள் பெருகின. 2022இல், அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறேன் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன்.

மறுவாரமே ஓர் அம்மாள் வீடு தேடி வந்தார். "ஏனுங்க சாமி, பதினாலு வருசம் செக்கிங் பார்த்தேன். பணிக்கொடை கேக்கோணும். கணக்கு உங்க மென்பொருளுக்குள்ளதான் இருக்குதுன்னு ஓனரு சொல்றாரு" என்றார்.

நிரல் என்னுடையது; அதனுள் இருந்த உழைப்பு என்னுடையதன்று. இது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை! கூகுள் நிறுவனம் ரீடர் என்ற சேவையை 2013 ஜூலை 1 அன்று மூடியபோது, மார்ச்சிலேயே அறிவித்து, பயனாளர் தம் பட்டியலை எடுத்துச் செல்ல வழியும் செய்தது. இலவசமாகக் கொடுத்தவர்க்கும் அக்கடமை உண்டன்றோ? நானும் ஆறு மாதத் தவணை கொடுத்தேன்.

எடுத்துக் கொடுப்பதுதான் பெரும்பாடாயிற்று. யூனிகோடில் தமிழ் 1991 முதலே உண்டு. ஆயினும் பட்டறைகளில் அன்று இருந்தது விண்டோஸ் 98. ஆகவே பெயர்களைப் பழைய எழுத்துருவில் சேமித்திருந்தேன். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை வெறும் கிறுக்கல். அதில் 'கோ' என்பது இரட்டைச் சுழி, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்; யூனிகோடிலோ ககரம் முதலில், ஓகாரக் குறி பின்னர். என் முதல் மாற்றியில் சுழி உதிர்ந்து கோமதிகள் எல்லாம் காமதிகள் ஆயினர்! அதைத் திருத்தவே இரண்டு மாதம் சென்றது.

கடைசியில் அம்மாளின் பதினான்கு ஆண்டுகள் ஒரு கட்டுத் தாளில் அச்சாயின. அவர் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இந்த வாரம் பிள்ளைக்குப் பீஸ் கட்டோணும்னு ஆறு நாளும் ராத்திரி நின்னேனுங்க. ஒண்ணரை போடாம ஒண்ணுன்னு போட்டிருக்குதே?"

பார்த்தேன். அவ்வாரம் மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதத்தில் முடிந்திருந்தது. அப்படிப்பட்ட வாரங்களில் என் நிரல் அரை ஷிப்டை விட்டிருந்தது. அவருக்கு மட்டுமன்று, பதினொரு பட்டறைகளிலும்.

மூடும் நாளை மேலும் மூன்று மாதம் தள்ளிவைத்தேன்.