துரையின் மொழியும் தொழிலாளியின் மொழியும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பிரித்தானியக் கம்பனிகள் நடத்திய காலத்திலே, துரை பேசியது ஆங்கிலம். கொழுந்து பறித்தவள் பேசியது தமிழ். சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு கைந்நூல் வெளிவந்தது. அதன் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். ஏவுவதற்கு அவ்வளவு தமிழ் போதும். மறுமொழியை விளங்கிக்கொள்வதற்குப் போதுமோ? அந்த இடைவெளியை நிரப்பியவர் கங்காணி. ஆள் சேர்த்தவரும் முற்பணம் கொடுத்தவரும் அவரே. தொழிலாளியின் குறை பெரும்பாலும் அவர் வாய்வழியே துரையை அடைந்தது. குறை அவரைப் பற்றியதாயின், அது எங்ஙனம் துரையை அடையும்?

அத்தோட்டங்களிலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் வன்னிக்கு வந்து குடியேறியோர் பலர். 2009இல் போர் முடிந்தபின், அதே வன்னி மண்ணுக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வவுனியாவில் இத்தாலிய கல்செடோனியா குழுமத்தைச் சார்ந்த ஒமேகா லைன் தொழிற்சாலை. கிளிநொச்சியில், பல நாடுகளில் ஆலைகளை நடத்தும் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ என்பன. பெயர்கள் இனிய தமிழ்ப் பெயர்கள். அது நன்றே. எனினும் பெயர்ப் பலகையோடு மொழியின் வேலை முடிந்துவிடுவதில்லை.

இத்தகைய ஆலைகளில் ஆடை வாங்குவோரின் கட்டளை ஆங்கிலத்தில் வருகிறது. கொழும்பு உத்தியோகத்தர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசுவர். தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணுக்கோ தமிழே தெரியும். இங்கே இருமொழி அறிந்த மேற்பார்வையாளர் ஒருவரே பாலமாயின், அவர் அறிந்தோ அறியாமலோ பழைய கங்காணியின் இடத்தில் அமர்ந்துவிடுகிறார். பதவி முகாமையாளருக்கு, அதிகாரம் மொழி தெரிந்தவருக்கு.

யப்பானின் ரகுடென் கம்பனி 2010இல் ஆங்கிலத்தைக் கம்பனியின் பொதுமொழியாக்கி, ஊழியர் அதனைக் கற்க இரண்டாண்டுத் தவணை கொடுத்தது. மேசையிலிருந்து தொழில் செய்வோருக்கு அது ஒரு வழியாகலாம். நாள் முழுவதும் இலக்கை எட்டத் தைத்துவிட்டு, பேருந்தேறி ஊர் திரும்பும் பெண்ணிடம் அதைக் கேட்பது நியாயமன்று. படியிறங்கி வரவேண்டியவர் மேலே இருப்பவரே.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கச்சேரியிலே தமிழில் மறுமொழி கேட்கும் உரிமையை அதைக் காட்டிக் கோரலாம். தனியார் ஆலையின் தையல் வரிசையிலோ, பெரிதும் முகாமையின் மனப்பாங்கே சட்டமாகிறது.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் தீயணைப்பு அறிவித்தலும் தமிழில் இருத்தல் வேண்டும். வாசிக்க இயலாத தாளில் ஒருத்தி இடும் கையெழுத்து உண்மையான சம்மதமாகாது. முறைப்பாடு மேற்பார்வையாளரைத் தாண்டி மேலிடம் செல்லத் தனி வழி வேண்டும். பிறமொழி பேசத் தெரிந்தமை மட்டுமே பதவி உயர்வுக்குத் தகுதியாகலாகாது. அவ்வாறாயின், தொழிலிற் கைதேர்ந்தவள் என்றும் இயந்திரத்தின் முன்னேயே இருப்பாள். முகாமையாளரும் தமிழ் கற்க வேண்டும். ‘இங்கே வா’ என்பதை மட்டுமன்று, ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்கவும், வரும் விடையை இடையாளின்றி விளங்கிக்கொள்ளவும் கற்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவு உண்டுதான். ஆனால், விளங்காத கட்டளையால் பழுதாகும் துணிக்கும், சொல்ல வழியின்றி வேலையை விட்டு நின்றுவிடும் கைகளுக்கும் செலவில்லையோ? கணக்கெழுதுவோர் அதனையும் சேர்த்து எழுதுவார்களாக.